செவலைக்கு வந்த சோதனை

கோழிக்கு வைத்தியம் பார்த்த கதையை எல்லாம் எழுத வந்துவிட்டாளே என்று சிரிக்காதீர்கள், சகோதரிகளே! மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் டாக்டரைக் கூப்பிடுகிறோம். நாய்க்குக் கூட இப்போது டாக்டர் உண்டு. கோழி சுருண்டு படுத்தால் மட்டும் நம் ஊர்ப் பக்கம் ஒரே வைத்தியம்தான், அது அரிவாள்மணை. "சாவறதுக்குள்ள அறுத்துடும்மா" என்று சொல்ல நாலு பேர் வாசலுக்கே வந்துவிடுவார்கள். அதிலும் முட்டையிடுகிற கோழி முட்டை இறங்காமல் தவிக்கும்போது என்ன செய்யலாம், என்ன செய்யவே கூடாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. கொல்லையில் நாலு கோழி வைத்திருக்கும் சகோதரிகளுக்கு உதவட்டுமே என்றுதான் எழுதுகிறேன்.

எங்களுக்கு மாதனூர். வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில், பெங்களூர் ரோட்டின் மேலேயே இருக்கிற ஊர். இவருக்கு ஷூ கம்பெனியில் வேலை. செவலை எங்கள் வீட்டுக் கோழி. இரண்டு வருஷத்துக்கு முன் வண்டியில் குஞ்சு விற்றுக்கொண்டு வந்தவரிடம் பத்துக் குஞ்சு வாங்கினேன். காக்கை கொஞ்சம், கீரி கொஞ்சம் என்று பங்கு போட்டது போக மிஞ்சியது மூன்று. அதில் ஒன்றுதான் செவலை. நாட்டுக்கோழி மாதிரியே இருக்கும், ஆனால் நாட்டுக்கோழி இல்லை. கிராமப்பிரியா என்று ஒரு ரகம். ஹைதராபாத்தில் இருக்கும் மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிலையத்தில், கொல்லையில் வளர்ப்பதற்கென்றே உருவாக்கியது. பழுப்பு நிறத்தில் பெரிய பெரிய முட்டையாக இடும். நம் நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60, 70 முட்டை இட்டால் பெரிது. இது 200க்கு மேலே இடும் என்று விற்றவர் சொன்னபோது நான் நம்பவில்லை. வளர்த்துப் பார்த்த பிறகு நம்பினேன்.

செவலைக்குப் பயமே கிடையாது. சமையல்கட்டு வாசற்படியில் வந்து நின்று, நான் அரிசி களையும் வரை காத்திருக்கும். கவனிக்காவிட்டால் புடவைத் தலைப்பைக் கொத்தி இழுக்கும். மகள் கல்யாணமாகிப் போகும் வரை அதற்கு அவள்தான் எல்லாம். போன சித்திரையில் அவள் பிரசவத்துக்கு வந்து சேர்ந்தபோது, ஆட்டோ சத்தம் கேட்டு முதலில் ஓடியது செவலைதான்.

அந்தச் சித்திரையில்தான் ஆரம்பித்தது. ஒரு நாள் கூடையில் கை விட்டால் முட்டை மெத்தென்று இருக்கிறது. தண்ணீர் ஊற்றிய பலூன் மாதிரி, ஓடே இல்லை! இதற்குத் 'தோல் முட்டை' என்று பெயர். "தோல் ஷாப்பு ஊர்ல பொறந்த கோழியாச்சே, அதுவும் தோல்லதான் முட்டை போடும்" என்று இவர் கேலி செய்தார். மறுநாள் ஒரு முட்டை ஓட்டோடு வந்தது, ஆனால் விரல் பட்டதும் நொறுங்கியது. அடுத்த இரண்டு நாள் முட்டையே இல்லை. "எல்லார் கண்ணும் பட்டுப் போச்சு" என்று என் மாமியார் மிளகாய் சுற்றிப் போட்டார்.

மூன்றாம் நாள் காலையில் செவலை கூடைக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. சாதாரணமாக அரை மணியில் முட்டையிட்டு, ஊரையே கூட்டுகிற மாதிரி கொக்கரித்துக்கொண்டு இறங்கிவிடும். அன்றைக்குச் சத்தமே இல்லை. பகல் பன்னிரண்டு மணிக்குப் பார்க்கிறேன், வேலி ஓரமாக நிற்கிறது. நிற்கிற விதமே சரியில்லை. வால் தரையைத் தொடுகிறது, மார்பை நிமிர்த்திக்கொண்டு, படத்தில் பார்க்கிற பெங்குவின் மாதிரி. கண்ணை மூடி மூடித் திறந்து, நிமிஷத்துக்கு ஒரு தரம் முக்குகிறது. கொண்டை வெளுத்துப் போயிருந்தது. கம்பு போட்டால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எச்சமும் சரியாகப் போகவில்லை, பின்பக்கத்து இறகில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிள்ளை பெற்றவர்களுக்கு அந்த முக்கலைப் பார்த்தாலே புரிந்துவிடும். முட்டை வழியில் சிக்கிக்கொண்டிருக்கிறது.

மாமியார் வந்து பார்த்தார். "இன்னாம்மா யோசிச்சிக்கினு நிக்கற? புள்ளத்தாச்சி இருக்கற வூட்ல கோழி செத்துதுன்னா நல்லாருக்காது. இப்பவே அறுத்து சாறு வெச்சா அவளுக்காவது ஆவும்" என்றார். அவர் சொன்னதிலும் குற்றம் காண முடியாது. அவர் காலத்தில் கோழி என்றால் அதற்குத்தான். திண்ணையில் உட்கார்ந்திருந்த மகள், "அதை அறுத்தா நான் இந்த வூட்ல ஒரு வாய் சோறு திங்க மாட்டேன் ஆயா" என்றாள். ஒன்பதாம் மாசத்துக்காரி அப்படிச் சொன்ன பிறகு யார் கத்தியை எடுப்பது?

சத்தம் கேட்டு எதிர்வீட்டுப் பாயம்மா வந்தார். "போன வருஷம் என் கறுப்புக் கோழிக்கும் இதே கதைதாம்மா. எண்ணெய் தடவி விரலை விட்டு எடுத்துடலாம்னு ஒருத்தர் சொன்னாரு. எடுக்கப் போயி முட்டை உள்ளாறவே ஒடஞ்சிடுச்சு. ரெண்டு நாளு கூட தாங்கல. நீ கையை வெக்காதே" என்றார். அவர் சொன்ன அந்த வார்த்தைதான் செவலையைக் காப்பாற்றியது என்பேன். உள்ளே உடைந்த ஓடு பிளேடு மாதிரி கிழித்துவிடும். மஞ்சள் கரு வயிற்றுக்குள் கசிந்து சீழ் பிடித்தால் பிறகு பிழைப்பது கஷ்டம். வயிற்றை அமுக்கிப் பிதுக்குவதும் அதே ஆபத்துதான். அதற்காக நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருக்கக் கூடாது. சிக்கிய முட்டை ஓரிரு நாளில் உயிரையே வாங்கிவிடும்.

மூன்று மணிக்கு அரசு கால்நடை மருந்தகம் திறந்ததும் போய் நின்றேன். அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு, சாக்கு விரித்து, ஆட்டோவில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். (போக முடியாதவர்கள் 1962 என்ற நம்பருக்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் பற்றிக் கேட்டுக்கொள்ளலாம்.) முன்னே இரண்டு பசுவும் ஒரு வெள்ளாடும் நின்றன. பெட்டியைத் திறந்ததும் ஒருவர், "கோழிக்கா!" என்று வாய்விட்டுச் சிரித்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. செவலையை மேஜையில் வைத்து, வயிற்றுக்கு அடியில் இரண்டு விரலால் மெல்லத் தடவிப் பார்த்தார். "முட்டை இருக்கு. ஓடு கெட்டியா இல்ல. உடையாம இருக்கறது உங்க அதிர்ஷ்டம்" என்றார்.

அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன். முதலில் கால்சியம் ஊசி போட்டார். பிறகு ஒரு டப்பில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, செவலையின் கீழ்ப்பாதி மட்டும் நனையும்படி உட்கார வைத்தார். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூடு இருந்தால் போதும். கால் மணி நேரத்துக்கு மேல் அப்படியே வைத்திருந்தோம். முதலில் படபடத்தது, பிறகு கண் சொருகி அமைதியாகிவிட்டது. துடைத்து, பின்வாயைச் சுற்றி வெளியில் மட்டும் எண்ணெய் தடவினார். "வீட்டுக்குப் போயி இருட்டா, சத்தமில்லாத இடத்துல வைங்க. தண்ணி பக்கத்துல இருக்கணும். ஒரு மணிக்கொரு தரம் தூக்கித் தூக்கிப் பாக்காதீங்க. பயந்தா உடம்பு இறுகிடும்" என்றார். உள்ளே புண்ணாகியிருக்கலாம் என்று ஐந்து நாளைக்குக் கிருமி மருந்தும் கொடுத்தார். முட்டையை வெளியே தள்ளுவதற்கென்று வேறு ஊசி உண்டாம். ஆனால் முட்டை குறுக்கே கிடக்கிறதா, ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தெரியாமல் அதைப் போட்டால் உள்ளே கிழிந்துவிடுமாம். மருந்துக் கடையில் நாமாக வாங்கிப் போடுகிற காரியம் இல்லை இது.

ராத்திரி எட்டு மணிக்கு இன்னொரு தரம் வெந்நீரில் உட்கார வைத்தேன். மகள் தூக்க வந்தாள், நான் விடவில்லை. கோழி எச்சத்தில் கிருமி இருக்கும், கர்ப்பிணிகள் தொடாமல் இருப்பது நல்லது, நாமும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் அடுப்படிக்குப் போக வேண்டும். பதினொன்றரை மணி இருக்கும். மாமியார்தான் முதலில் எழுந்தார். "இன்னமோ சத்தம் கேக்குது பாரும்மா" என்றார். விளக்கைப் போட்டால் சாக்கின் மேல் முட்டை கிடக்கிறது. ஒரு பக்கம் ஓடு, ஒரு பக்கம் தோல், நடுவில் ஒரு சுருக்கம். செவலை பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அறுக்கச் சொன்ன மாமியார் அதன் தலையைத் தடவி, "ஐயோ பாவம், வாயில்லா ஜீவன்" என்றார். மகள் சிரித்த சிரிப்பில் வயிறு வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது!

முட்டை வந்துவிட்டது, சரி. ஏன் சிக்கியது? மறுபடி மருந்துக்குப் போனபோது டாக்டரம்மா ஒரு கணக்குச் சொன்னார். ஒரு முட்டை உருவாக ஒரு நாளுக்குக் கொஞ்சம் கூட ஆகிறது. அதில் 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே போகிறது, அதுவும் பெரும்பாலும் ராத்திரியில். ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. கோழியின் மொத்த உடம்பில், எலும்பெல்லாம் சேர்த்து, இருப்பதே 20 கிராம்தான். ஒவ்வொரு முட்டைக்கும் உடம்பிலிருப்பதில் பத்தில் ஒரு பங்கைத் தூக்கிக் கொடுக்கிறது! வருஷத்துக்கு 200 முட்டை என்றால் 400 கிராம். தீனியில் வரவில்லை என்றால் எலும்பிலிருந்து எடுக்கும். அதுவும் தீர்ந்தால் தோல் முட்டை. அது மட்டுமா? முட்டையை வெளியே தள்ளுகிற தசை சுருங்கி விரியவும் அதே கால்சியம்தான் வேண்டும். முட்டையும் மெத்தென்று பிடிமானமில்லாமல், தசைக்கும் தெம்பில்லாமல் போனால் சிக்காமல் என்ன செய்யும்?

நாம் போடுவது என்ன? அரிசி, மிச்சச் சோறு. அரிசியில் கால்சியம் இல்லவே இல்லை என்று சொல்லிவிடலாம். எங்கள் பக்கத்தில் கேழ்வரகு உண்டு, அதில் நிறைய இருக்கிறது என்று நான் பெருமையாகச் சொன்னேன். 100 கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம். "தினம் முட்டையிடற கோழிக்கு 4 கிராம் கால்சியம் வேணும். ஒரு கிலோ கேழ்வரகுக்கு மேல திங்கணுமே, திங்குமா?" என்று கேட்டார். கோழி தின்பதே நாளைக்கு 100 கிராம் சொச்சம்! ஆம்பூர்ப் பக்கமாதலால் கல்யாணம் காட்சி என்றால் பிரியாணி மிச்சமாகும், அதையும் கொல்லையில் கொட்டுவது வழக்கம். உப்பும் எண்ணெயும் கோழிக்கு ஆகாது. இப்போது எங்கள் தெருவில் யாரும் கொட்டுவதில்லை.

கிளிஞ்சல்தான் சரியான மருந்து. கோழித் தீவனக் கடையில் உடைத்த கிளிஞ்சல் கிடைக்கிறது. தூளாக வேண்டாம், குறுணையாக வாங்குங்கள். அதைச் சாயங்காலம் ஒரு சட்டியில் தனியாக வையுங்கள். குறுணை வயிற்றில் மெல்லக் கரைந்து, ராத்திரி ஓடு கட்டுகிற நேரத்துக்குக் கை கொடுக்கும். தீனியோடு கலக்காமல் வைத்தால் எந்தக் கோழிக்கு எவ்வளவு வேண்டுமோ அதுவே தின்றுகொள்ளும். கடை தூரம் என்றால் வீட்டு முட்டை ஓடே போதும். கழுவி, வாணலியில் நன்றாக வறுத்து, நொறுக்கிப் போடுங்கள். முழு ஓடாகப் போட்டால் முட்டையைக் கொத்தித் தின்னும் பழக்கம் வந்துவிடும். முட்டைக்கோழித் தீவனம் என்று தனியாக விற்பதும் நல்லதுதான். ஆனால் குஞ்சுகளுக்கு அதைப் போடாதீர்கள், அவ்வளவு கால்சியம் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

சுண்ணாம்பு என்றதும் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன், "ஷாப்புல மூட்டை மூட்டையா கெடக்குதுக்கா, கொண்டாந்து தரட்டுமா?" என்றான். வேண்டவே வேண்டாம். தோல் ஊற வைக்கிற சுண்ணாம்பில் மயிர் உதிர சோடியம் சல்பைடு சேர்ப்பார்கள், அது விஷம். வெற்றிலைச் சுண்ணாம்பை வாயில் திணிப்பதும் கூடாது, வாய் வெந்துவிடும்.

அடுத்தது வெயில். எங்கள் வேலூர்ப் பக்கத்துக் கத்திரி வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அப்படி இரைக்கும்போது உடம்பிலிருக்கும் கரியமிலவாயு அதிகமாக வெளியே போய்விடுகிறது. ஓடு கட்ட அதுவும் தேவை. தீனியும் குறைந்துவிடும். 1985ல் அமெரிக்காவில், வெயிலில் வைத்த கோழிகளுக்குச் சோடாத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்களாம், ஓடு கெட்டிப்பட்டதாம்! "அப்போ செவலைக்குத் தினம் ஒரு கோலி சோடாவா?" என்றார் இவர். அவ்வளவு தூரம் போகவில்லை. கூண்டின் மேல் தென்னங்கீற்று வேய்ந்து, மதியத்தில் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டேன்.

தண்ணீரைப் பற்றி டாக்டரம்மா கேட்டபோதுதான் நான் யோசித்தேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு. பாலாற்றங்கரை நிலத்தடி நீர் தோல் கழிவால் கெட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996ல் தீர்ப்பு வந்ததெல்லாம் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். உப்புத் தண்ணீர் குடித்தால் முட்டை ஓடு மெலிந்துபோகும் என்பது எனக்குப் புதுச் செய்தி. குடிக்க நாங்கள் காவிரிக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைப்போம், கோழிக்கு மட்டும் போர் தண்ணீர் என்றிருந்தது. இப்போது அதற்கும் காவிரிதான், மண் சட்டியில், நிழலில்.

"கழிச்சல் தடுப்பூசி போட்டீங்களா?" என்றும் கேட்டார். ராணிகெட் நோய் என்கிற வெள்ளைக்கழிச்சல் வந்து பிழைத்த கோழியும் தோல் முட்டை, கோணல் முட்டை இடுமாம். ராணிப்பேட்டையில் வந்த நோய் போலிருக்கிறது என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். ராணிகெட் என்பது இமயமலைப் பக்கத்து ஊர். தடுப்பு மருந்து தயாராவதுதான் நம் ராணிப்பேட்டையில்! பிப்ரவரி மாதத்தில் கிராமங்களில் முகாம் போட்டு இலவசமாகப் போடுகிறார்கள், விட்டுவிடாதீர்கள்.

செவலைக்கு வேளாவேளைக்குக் கால்சியம் மருந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டியிருந்தது. ஒரு நாள் அலகைப் பிரித்து நான் படும் பாட்டைப் பார்த்த மகள், "எனக்கும் அந்த மாத்திரையைப் பாத்தா அப்படித்தாம்மா இருக்கு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அவள் பையைத் திறந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த கால்சியம் மாத்திரை அட்டை அட்டையாக அப்படியே இருக்கிறது! சாக்பீஸ் மாதிரி பெரிதாக இருக்கிறதாம். நாலாம் மாசம் தொடங்கி, பிள்ளை பிறந்து ஆறு மாசம் வரை தினம் இரண்டு, சாப்பாட்டோடு போட வேண்டும் என்பது அரசாங்கத்தின் ஏற்பாடு. இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்துப் போடாமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் இரும்பு உடம்பில் சேராது. வயிற்றுப் பிள்ளையும் தாயின் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் என்று செவலையின் கணக்கையே சொன்னேன். அன்று முதல் செவலைக்கு மருந்து விடுகிற வேளையில் அவளும் ஒன்றை உடைத்துப் போட்டுக்கொண்டாள், முகத்தைச் சுளித்துக்கொண்டே.

இன்னும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். முக்கி முக்கிச் சில கோழிக்குப் பின்வாய் வழியாகச் சிவப்பாகச் சதை வெளியே வந்துவிடும். உடனே தனியாகப் பிரித்து மூடி வையுங்கள், மற்றக் கோழிகள் சிவப்பைக் கண்டால் கொத்தியே கொன்றுவிடும். சதை காயாமல் சுத்தமான ஈரத்துணி போட்டு டாக்டரிடம் கொண்டு போங்கள். வயிறு மட்டும் உப்பி, தொங்கி, முட்டையும் இல்லாமல் இருந்தால் அது வேறு நோய், வெந்நீர் வைத்தியம் கேட்காது. கிருமி மருந்து கொடுத்த கோழியின் முட்டையை எத்தனை நாள் சாப்பிடக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் அவர் சொன்ன நாள் வரை குப்பைக்குழியில் புதைத்தோம்.

மகளுக்கு வைகாசியில் பெண் குழந்தை பிறந்தது. சாறுக்கு மாமியார் ஒடுகத்தூரிலிருந்து ஒரு சேவல் சொல்லி வரவழைத்தார். செவலை ஆடி வரை முட்டையே இடவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. இப்போது வாரத்துக்கு மூன்று இடுகிறது. ஓட்டில் ஒரு பக்கம் இன்னும் கொஞ்சம் சொரசொரப்பு இருக்கிறது.